நாலு நாளில் கைத்தொழில்!

தசரா விடுமுறைக்கு மைசூர் போகிறோம். நாலு நாளில் ஏதாவது ஒரு கைத்தொழில் கற்றுக்கொண்டு வரலாமா? (சேலம் வாசகி)

தசரா சமயத்தில் மைசூரில் கற்றுக்கொள்ள முடிந்த ஒரே கலை, கூட்டத்தில் செருப்பைத் தொலைக்காமல் நடப்பது. பட்டறைக்காரர்களுக்கும் அது வியாபார நேரம். உங்கள் கையைப் பிடித்துச் சொல்லித்தர ஆள் இருக்காது. ஆரவாரம் அடங்கிய பிறகு போங்கள்.

சரி, எங்கே போவது? (அதே வாசகி, விடுவதாக இல்லை)

பொம்மை என்றால் சென்னப்பட்டணா. மைசூரிலிருந்து பெங்களூரு போகும் வழியில் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். அங்கே பொம்மைக்கு வாகான மரம் ‘ஆலெ மரம்’ என்பார்கள். ஆலமரம் என்று தலையாட்டிவிடாதீர்கள். அது நம் ஊர் வெட்பாலை. இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் கருநீலமாகுமே, பாட்டி சொறிக்குத் தடவுவாரே, அதே மரம்தான். கட்டை வெளுப்பாக, மெத்தென்று, உளிக்கு இணக்கமாக இருக்கும்.

ஈரம் போகக் காயவைத்த கட்டையைக் கடைசல் இயந்திரத்தில் மாட்டிச் சுழலவிட்டு, உளியால் உருவம் எடுப்பார்கள். பிறகு வருவதுதான் வேடிக்கை. சாயம் கலந்த அரக்குக் குச்சியைச் சுழலும் கட்டையின் மேல் அழுத்துவார்கள். அடுப்பும் இல்லை, தூரிகையும் இல்லை. உரசுகிற சூட்டிலேயே அரக்கு இளகிக் கட்டையில் படியும். கடைசியாகக் காய்ந்த தாழை மடலை வைத்து அழுத்தினால் முகம் தெரிகிற பளபளப்பு வந்துவிடும். ஜடையில் வைத்துப் பின்னுகிற தாழம்பூவின் செடிக்கு இப்படியும் ஒரு வேலை!

உளியைப் பிடிப்பதில்தான் நம் வண்டவாளம் தெரியும். பயந்து லேசாகப் பிடித்தால் கட்டை உளியைத் தட்டிவிடும். வீரமாக அழுத்தினால் உளி கட்டையைத் தின்றுவிடும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. கடைசல்காரருக்கு அது தெரியும். வாயால் சொல்லத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் உண்டு.

எங்கள் அம்பாசமுத்திரத்து மரச் சொப்புச் சாமானும் கடைசலும் அரக்கும்தானே? அதற்கு எதற்கு மைசூர் வரை? (திருநெல்வேலி வாசகர்)

நியாயமான அடி. வாங்கிக்கொண்டேன். முதலில் அம்பாசமுத்திரம் போங்கள். மைசூர் எங்கும் ஓடிப்போகாது.

திப்பு சுல்தான் பாரசீகத்திலிருந்து ஆள் வரவழைத்துத்தான் சென்னப்பட்டணாவில் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தாராமே? (வேலூர்)

ஊரில் அப்படித்தான் சொல்கிறார்கள். எப்படியானாலும், பயணம் போய்க் கற்பது நம் காலத்து நாகரிகம். அந்தக் காலத்தில் வாத்தியார்தான் பயணம் வருவார்.

மைசூர் ஓவியத்துக்கும் தஞ்சாவூர் ஓவியத்துக்கும் என்ன வித்தியாசம்? (கும்பகோணம்)

தஞ்சாவூர்ப் படம், கல்யாணத்துக்குக் கிளம்பிய மாமி. மைசூர்ப் படம், கோயிலுக்குக் கிளம்பிய அதே மாமி. தஞ்சாவூரில் பசை குழைத்துப் பூசும் மக்கு வேலை புடைத்து நிற்கும், கல்லும் பதிப்பார்கள். மைசூரில் மக்கு மெல்லிசு, கோடுதான் ராணி. தங்க ரேக் இரண்டிலும் உண்டு. ரேக் ஒட்டும்போது மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள். தும்மல் வந்தால் எழுந்து வெளியே போய்விடுங்கள்.

அரண்மனையில் தவறாமல் பார்க்க வேண்டியது? (ஈரோடு)

எல்லோரும் அண்ணாந்து விளக்கைப் பார்ப்பார்கள். நீங்கள் அம்பா விலாச மண்டபத்தின் கதவைப் பாருங்கள். ஈட்டி மரத்தில் தந்தம் பதித்த வேலை. பழைய அரண்மனை 1897-இல் தீக்கிரையாக, 1912-இல் கட்டி முடித்த புது அரண்மனை இது. இன்று தந்தத்தைத் தொட முடியாது, சட்டம் பிடிக்கும்; தொடவும் கூடாது. இழைப்பு வேலைக்காரர்கள் பல நிறத்து மரத்துண்டுகளுக்கு மாறிவிட்டார்கள். மண்டி மொஹல்லா பக்கம் போனால், மெல்லிய ரம்பத்தால் யானையின் தும்பிக்கையை அறுத்தெடுத்து, அதே அளவில் குடைந்த பள்ளத்தில் உட்காரவைப்பதைப் பார்க்கலாம். மயிரிழை பிசகினாலும் யானை அழகு கெட்டுவிடும். இந்த வேலைக்குப் புவிசார் குறியீடும் உண்டு.

கன்னடம் தெரியாதே? (மதுரை)

மைசூரில் தமிழை வைத்தே சமாளிக்கலாம். ஒரு வார்த்தை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: ‘நிதான’. மெதுவாக என்று அர்த்தம். உளியைக் கையில் எடுத்த நிமிஷத்திலிருந்து வேறு வார்த்தை காதில் விழாது.

இரண்டு மணி நேரம் சொல்லித்தரப் பட்டறைக்காரர் ஆயிரம் ரூபாய் கேட்கிறாரே, அநியாயம் இல்லையா? (சென்னை)

நீங்கள் பக்கத்தில் இருக்கும் வரை அவர் பொழைப்பு நிற்கிறது. செய்த உருப்படிக்குத்தான் அவருக்குக் காசு. உங்களுக்குப் பதில் சொன்ன நேரத்துக்கு எந்தக் கடைக்காரரும் கூலி தருவதில்லை. போதாததற்கு அவருடைய மரத்தை வீணாக்குகிறீர்கள், உளியை மழுக்குகிறீர்கள். போகிற வழியில் ஒரு காபிக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. பேரம் பேசாமல் கொடுங்கள். படம் எடுப்பதற்கு முன்னால் கேளுங்கள். பட்டறையில் தனியாக ஒரு மாதிரி கண்ணில் பட்டால், அது அவர் யோசித்துச் செய்தது. வலைத்தளத்தில் ஏற்றி ஊருக்கே காட்டாதீர்கள்.

நீங்கள் கற்றுக்கொண்டீர்களா? (கோவை வாசகி)

மூன்று மணி நேரம் உளி பிடித்து ஒரு பம்பரம் செய்தேன். சுற்றவில்லை, சாய்ந்து படுத்துக்கொண்டது. பட்டறைப் பெரியவர் என்னைப் பார்த்தார், பம்பரத்தைப் பார்த்தார். திரும்ப மாட்டி, இரண்டே தடவை உளியை வைத்து எடுத்தார். இப்போது நன்றாகச் சுற்றுகிறது. யார் செய்தது என்று வீட்டில் கேட்டால், நான் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.