மூன்றில் ஒரு பங்கு

'நமக்கு நாமே' திட்டத்தின் கணக்கு எளிது. செலவில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால், மிச்சத்தை அரசு போடும். 1997-98இல் தி.மு.க. ஆட்சியில் பிறந்தது, 2011இல் அ.தி.மு.க. ஆட்சியில் 'தன்னிறைவுத் திட்டம்' ஆனது; 2021இல் பழைய பெயருக்கே திரும்பியது. பெயர்ப்பலகை எழுதுகிறவருக்கு மட்டும் பங்குத்தொகை கட்டாமலே பலன் கிடைத்தது.

ஒரு பூங்காவுக்கு மூன்று லட்சம் என்று வைத்துக்கொள்வோம். நலச்சங்கக் கூட்டத்தில் அரசு தரப்போகும் இரண்டு லட்சத்தைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். நடைபாதை, ஊஞ்சல், நீரூற்று, அதற்கு எதிரே சிமெண்ட் பெஞ்சு. பெஞ்சின் முதுகில் 'உபயம்' யார் என்பதில் ஒன்றரை மணி நேரம் போகும். மீதி ஒரு லட்சத்துக்குப் பேச்சு வரும்போதுதான் பலருக்குத் தாங்கள் வாடகைக்குக் குடியிருப்பது நினைவுக்கு வரும். சொந்த வீட்டுக்காரருக்கோ அமெரிக்காவில் இருக்கும் மகன்: "தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன் சார்."

அந்தத் தம்பி சியாட்டிலில் இருந்தால் வந்தது வினை. அந்நகரிலும் 1988 முதல் இப்படியொரு திட்டம் உண்டு. அங்கே தன்னார்வலர்கள் உழைக்கும் நேரத்தையும் மக்கள் பங்காக வரவு வைக்கிறார்கள். இது மட்டும் நம் செயலாளர் காதில் விழுந்தால், மினிட் புத்தகத்தை விரித்து, இதுவரை பேசிய மணிநேரங்களைக் கூட்ட ஆரம்பித்துவிடுவார். பூங்கா என்ன, மேம்பாலமே கட்டலாம்.