அஞ்சு மூலைத் தரை

வாடா பேராண்டி, உக்காரு. புது வீட்டுக் கூடத்துக்கு அஞ்சு மூலை டைல்ஸ் சொல்லியிருக்கியாமே! அஞ்சு பக்கமும் ஒரே அளவு, அஞ்சு மூலையும் ஒரே அளவாம். போடு ராசா, போடு. கொத்தனாரும் பிள்ளகுட்டிக்காரரு, அவருக்கும் நாலு நாள் வேலை நீளட்டும்.

ஒரு சின்னக் கணக்கு மட்டும் கேட்டுக்க. முக்கோணத்தை எப்படிக் கிறுக்கினாலும் மூணு மூலையும் சேர்ந்தா 180 டிகிரிதான். ஒரு பக்கம் கூடினா இன்னொரு 180 கூடும். நாலுக்கு 360, அஞ்சுக்கு 540. அப்ப உன் கல்லுல மூலைக்கு 108. ஒரு புள்ளியில மூணு கல்லை ஒட்டி வச்சா 324. மிச்சம் 36 டிகிரி வாயைப் பொளந்துகிட்டு நிக்கும். நாலாவது கல்லு அதுக்குள்ள எங்க நுழையும்? சில்லு வெட்டி அடைக்கணும், இல்லாட்டி எறும்பு குடும்பம் நடத்தும்.

சம பக்கம், சம மூலை வச்சுகிட்டு ஒரே வகைக் கல்லால தரையை அடைக்கிறது மூணு பேருதான்: முக்கோணம், சதுரம், அறுகோணம். ஆறுக்கு மேல போனா மூலை 120-ஐத் தாண்டிரும், மூணு கல்லே ஒரு புள்ளியில சேராது.

அஞ்சுதான் வேணும்னு அடம்பிடிச்சா கோணல்மாணலா வெட்டு. அமெரிக்காவுல மார்ஜோரி ரைஸ்னு ஒரு அம்மா, பள்ளிக்கூடக் கணக்கோட நின்னவங்க. 1970கள்ல அடுப்படி மேடையில வரைஞ்சே, சந்தில்லாம ஒட்டுற அஞ்சு பக்க வடிவத்துல நாலு புது வகை கண்டுபிடிச்சாங்க. விருந்தாளி வந்தா தாளை மூடி வச்சிருவாங்களாம். நீ படம் வரையுறதுக்கு முன்னாடியே ஊருக்கு ஸ்டேட்டஸ் போட்டுட்டே.

அப்புறம் அந்த மரக் கேட்டு. அழகு கெடுதுன்னு குறுக்குச் சட்டத்தை எடுக்கச் சொன்னியாமே, ஆசாரி சொல்லிச் சிரிக்கிறாரு. மூணு குச்சியை மூலைக்கு ஒரு ஆணி அடிச்சு ஆட்டிப் பாரு, அசையாது. பக்க நீளம் மூணும் முடிவானா மூலையும் முடிவாயிரும். நாலு குச்சி அப்படியில்ல. நீளம் மாறாமலே சாயும். நாலுக்கு ஒரு குறுக்குக் கட்டை வேணும், அஞ்சுக்கு ரெண்டு.

வேணாம்னா விடு. கேட்டு சாஞ்ச அன்னிக்கு அடியில ஒரு செங்கல்லை முட்டுக் கொடு. கேக்குறவன்கிட்ட அதுவும் டிசைன்தான்னு சொல்லிக்கலாம்.