கப்ஸாவியல்: ஒரு முன்னோட்டம்

சிகாகோ கப்ஸ் என்ற பேஸ்பால் அணிக்குப் பிரபலங்கள் ரசிகர்களாய் இருக்கும் விந்தையைத் தமிழில் யாரும் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. இது பெருங்குறை என்று கருதுபவன் நான் ஒருவன்தான். ஆகவே இன்றைய தேதிக்கு இத்துறையின் தலைசிறந்த அறிஞன் நானே. மறுப்பவர் யாரேனும் இருந்தால் இரண்டாமிடம் காலியாகத்தான் இருக்கிறது.

ஆய்வு எல்லை: 1908 முதல் 2016 நவம்பர் 2 வரை. 1908-ல் பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை வென்ற கப்ஸ், அடுத்த முறை வென்றது 2016-ல். இடையில் 108 ஆண்டுகள். பேஸ்பால் பந்தின் தோலைச் சேர்த்துப் பிடிக்கும் இரட்டைத் தையல்களும் 108. நூற்றெட்டு என்றதும் நம் கை தானாகத் தேங்காயைத் தேடும். இரண்டு எண்கள் ஒத்துப்போய்விட்டால் அதற்குமேல் காரணம் கேட்பது ஆய்வு மரபன்று. கேட்டால் நெறியாளர் கோபித்துக்கொள்வார்.

அடுத்து, சொல்லாராய்ச்சி. கப்ஸ் என்றால் குட்டிகள், அதாவது கரடிக் குட்டிகள். அணியில் இளவட்டங்கள் நிறைந்திருந்ததால் 1902-ல் சிகாகோ நாளேடு ஒன்று அப்படி அழைக்க, பெயர் ஒட்டிக்கொண்டது. இது மேலோட்டமாகப் பார்ப்பவர் சொல்வது. கூர்ந்து நோக்கின் இது ‘கப்ஸா’ என்னும் சொல் ஈற்று ஆகாரம் கெட்டு நின்றது என்பது வெள்ளிடைமலை. ‘கப்ஸா தமிழ்ச்சொல்லே இல்லையே’ என்பாரும் உளர். அவர் சொல்வதும் கப்ஸாவே என்க. உலகத்து மொழிகளையெல்லாம் ஒரு பிற்பகலில் தமிழிலிருந்து பிறப்பித்து, மாலைக் காபிக்குள் அவற்றைக் கரையேற்றியும் விடும் நம் வேர்ச்சொல் வித்தகர்கள் இம்முடிவை ஆதரிப்பார்கள். ஆதரிக்காவிட்டால் அவர்களுடைய முடிவுகளையும் இதே கண்ணால் பார்க்க வேண்டிவரும்.

இனி ரசிகர் பாகுபாடு. நூற்பா பின்வருமாறு (யாத்தவன் நானே, காலம், நேற்று மாலை):

பார்த்தோர் பாராது சொன்னோர் பாடினோர்
தோற்றோர் குல்லா மாற்றினோர் ஆடென
அறுவகைப் படுமே கப்ஸின் ரசிகர்.

இதற்கு உரையும் நானே எழுதியிருக்கிறேன். உரை தெளிவாக இருப்பதால் அதற்கு ஒரு விளக்கமும் தேவைப்பட்டது.

பார்த்தோர்: நடிகர் பில் மர்ரி. சிகாகோவுக்கு வடக்கே எவன்ஸ்டனில் பிறந்து பக்கத்து வில்மெட்டில் வளர்ந்தவர். மகன்களில் ஒருவருக்குக் கப்ஸின் பெருவீரர் எர்னி பேங்க்ஸின் பெயரை இடையில் செருகியவர். இவ்வகையில் இன்னும் பலர் உண்டு. அவர்கள் டிக்கெட் வாங்கி, ஆட்டம் பார்த்து, அணி தோற்றதும் பேசாமல் வீட்டுக்குப் போனவர்கள். அதனால் ஆய்வுக்குப் பயன்படார்.

பாராது சொன்னோர்: இவ்வகையின் ஒரே எடுத்துக்காட்டு ரொனால்ட் ரீகன். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான இவர், 1930-களில் அயோவா மாநிலத்து டெமாயின் நகரில் டபிள்யூ.ஹெச்.ஓ. வானொலியில் கப்ஸ் ஆட்டங்களை வருணித்தவர். ஆட்டம் நடப்பது சிகாகோவில். இவர் இருந்தது முந்நூறு மைலுக்கு அப்பால் ஓர் அறையில். தந்தியில் இரண்டு மூன்று எழுத்துச் சுருக்கம் வரும். அதைக்கொண்டு வானத்தின் நீலம், பந்து பறந்த பாங்கு, கூட்டத்தின் ஆரவாரம் அத்தனையும் படைத்துவிடுவார். ஒருநாள் தந்தி அறுந்துவிட்டது. ‘ஆட்டம் தெரியவில்லை’ என்று சொல்ல மனமில்லாமல், மட்டைக்காரர் பந்துக்குப் பந்து தப்படி அடித்துக்கொண்டே இருப்பதாக ஆறு நிமிடத்துக்கும் மேலாகச் சொல்லிக்கொண்டே போனாராம். இதைப் பிற்காலத்தில் பெருமையோடு சொன்னவரும் அவரே. மூலம் கிடைக்காதபோதும் உரை எழுதும் இந்த ஆற்றல் ஓர் அரசியல்வாதிக்கு வாய்த்தது வியப்பில்லை. நூலைப் பிரிக்காமலே எட்டுப் பக்க அணிந்துரை வழங்கும் பெருமக்களோடு இவரை ஒப்பிட்டு ஓர் ஆய்வு செய்யலாம். செய்பவருக்கு அணிந்துரை கிடைக்காது.

1937-ல் கப்ஸின் வசந்தகாலப் பயிற்சியைப் பற்றிச் செய்தி சொல்லக் கலிபோர்னியா போன இடத்தில் ரீகன் திரைச் சோதனைக்கு நின்று நடிகராகிவிட்டார். ஆகவே அவர் ஜனாதிபதி ஆனதற்கும் கப்ஸே காரணம் என்பது என் துணிபு. 1988-ல் ஜனாதிபதியாகவே சிகாகோவில் கப்ஸின் மைதானமான ரிக்லி ஃபீல்டுக்கு வந்து, முதல் பந்தை எறிந்துவிட்டு, வருணனை அறையிலும் சிறிதுநேரம் உட்கார்ந்தார். இம்முறை ஆட்டம் கண்ணெதிரே நடந்தது. கற்பனைக்கு இடமில்லாமல் கஷ்டப்பட்டிருப்பார்.

பாடினோர்: பேஸ்பாலில் ஏழாவது இன்னிங்ஸின் நடுவில் கூட்டம் முழுதும் எழுந்து நின்று சோம்பல் முறிக்கும். ரிக்லி ஃபீல்டில் அப்போது வருணனையாளர் ஹாரி கேரி ஜன்னல் வழியே மைக்கை நீட்டி ஒரு பாட்டுப் பாடுவார். பந்தாட்டத்துக்கு அழைத்துப் போகச் சொல்லும் அந்தப் பாட்டு பிறந்ததும் 1908-ல்தான். அதை எழுதிய ஜாக் நார்வொர்த் அதுவரை பெரிய ஆட்டம் எதையும் பார்த்ததில்லை என்பார்கள். அவரையும் பாராது சொன்னோரில் சேர்க்கலாமா என்றால், சேர்க்கலாகாது. நூற்பாவில் இடமில்லை (காண்க: மேலே). கேரியுமே பதினோராண்டு அதே ஊர்ப் போட்டி அணியான ஒயிட் சாக்ஸுக்கு வருணனை சொல்லிவிட்டு 1982-ல் இங்கே வந்தவர் என்பதால், குல்லா மாற்றினோர் வகையும் அவர்மேல் உரிமை கொண்டாடுகிறது. வழக்கு நிலுவையில் உள்ளது.

1998 பிப்ரவரியில் கேரி காலமானார். அதிலிருந்து அந்த மைக் பிரபலங்களுக்கு வந்தது. அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் மைக் டிட்கா நேரமாகிவிட்டதென்று ஓடி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே ரயிலைப் பிடிப்பவர் வேகத்தில் பாடி முடித்தார். 2003-ல் ராக் பாடகர் ஓஸி ஓஸ்போர்ன் பாடியது எந்த மொழி என்பதில் இன்றும் கருத்தொற்றுமை இல்லை. 2005-ல் கார்ப் பந்தய வீரர் ஜெஃப் கார்டன் பாட்டைவிடப் பெரிய பிழை ஒன்றைச் செய்தார்: ‘ரிக்லி ஃபீல்டு’ என்பதை ‘ரிக்லி ஸ்டேடியம்’ என்றார். மாமியார் வீட்டு வாசலில் நின்று மாமியார் பெயரை மாற்றிச் சொன்ன மாப்பிள்ளையின் கதிதான் அவருக்கு. கூட்டம் கூவித் தீர்த்தது.

இங்கே என் அவதானிப்பு ஒன்று. ஆறு இன்னிங்ஸ் வரை காணப்படாமல், ஏழாவதில் வந்து, மைக் பிடித்து, தனக்குத் தெரியாத பாட்டைத் தப்பாகப் பாடி, கைதட்டல் வாங்கிக்கொண்டு, எட்டாவதுக்குள் கார் ஏறிவிடுவது சினிமாக்காரர்களின் கண்டுபிடிப்பு அன்று. நம் ஆய்வுக் கருத்தரங்குகளில் சிறப்புரை இப்படித்தான் நிகழ்கிறது. கூடுதலாகப் பொன்னாடை உண்டு.

தோற்றோர்: கூடைப்பந்து வீரர் லெப்ரான் ஜேம்ஸ். ஓஹியோக்காரர். 2016 உலகத் தொடரில் கப்ஸோடு மோதியது அவர் மாநிலத்து கிளீவ்லாந்து அணி. நண்பர் டுவெய்ன் வேடுடன் பந்தயம் கட்டித் தோற்று, அந்த டிசம்பரில் சிகாகோ விளையாட்டரங்குக்குக் கப்ஸின் முழுச் சீருடையில் வந்து இறங்கினார். இதே லெப்ரான் 2007-ல் கிளீவ்லாந்தில் கிளீவ்லாந்து அணியின் ஆட்டத்துக்கே எதிரணியான யாங்கீஸின் தொப்பியோடு வந்து உட்கார்ந்தவர். தலை ஒன்று, தொப்பி பல.

குல்லா மாற்றினோர்: ஹிலரி கிளின்டன், சிகாகோவின் புறநகரான பார்க் ரிட்ஜில் கப்ஸ் ரசிகையாக வளர்ந்தவர், 1994-ல் ரிக்லி ஃபீல்டில் முதல் பந்தையும் எறிந்தார். 1999-ல் நியூயார்க்கில் செனட் தேர்தலுக்கு நிற்கும் எண்ணம் வந்தபோது வெள்ளை மாளிகையில் நியூயார்க் யாங்கீஸின் தொப்பி அவர் தலையில் ஏறியது. இரண்டு அணிகளும் வேறு வேறு லீக் என்பதால் இரண்டையும் நேசித்ததில் முரண் இல்லை என்பது அவர் தரப்பு. ‘குல்லா போடுதல்’ என்ற மரபுத்தொடர் நம்மிடம் எப்போதோ உருவாகிவிட்டதால் அவர் தரப்பை நான் ஆராயவில்லை.

எதிர்க்காட்டு, பராக் ஒபாமா. அவர் ஒயிட் சாக்ஸ் பக்தர். 2010-ல் வாஷிங்டன் அணியின் மைதானத்தில் முதல் பந்து எறிகையில், கையுறைக்குள் ஒளித்துவைத்திருந்த ஒயிட் சாக்ஸ் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டவர். மனைவி மிஷெலோ கப்ஸ். ஒரே வீட்டில் இரு திணை. இதைத் திணைமயக்கம் என்க. பதவி முடிய நான்கு நாள் இருக்கையில், 2017 ஜனவரி 16 அன்று, கப்ஸ் அணி வெள்ளை மாளிகைக்கு வந்து அவருக்கு 44 எண்ணிட்ட சட்டை கொடுத்தது. வாங்கிக்கொண்டார். போட்டுக்கொண்டால்தான் வகை மாறும்.

இனி ஆடு. இக்கட்டுரையே இதற்காகத்தான் எழுதப்படுகிறது.

1945 அக்டோபர் 6. உலகத் தொடரின் நான்காவது ஆட்டம், எதிரணி டெட்ராய்ட் டைகர்ஸ். கிரேக்க நாட்டிலிருந்து குடியேறி மதுக்கடை வைத்திருந்த வில்லியம் சியானிஸ் இரண்டு டிக்கெட் வாங்கினார்: ஒன்று தனக்கு, ஒன்று மர்ஃபி என்னும் தன் ஆட்டுக்கு. கவனிக்க: மேலே சொன்ன பிரபலங்களில் டிக்கெட்டோடு வந்தது இன்னின்ன நாள் என்று ஆவணப்படுத்தப்பட்டது மர்ஃபி மட்டுமே. அந்த டிக்கெட் இப்போது எங்கே என்று கேட்கலாம். ஆடும் காகிதமும் ஒரே இடத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்பதை நம் சுவரொட்டிகள் அறியும். முதன்மைச் சான்று செரிக்கப்பட்டுவிட்டது என்று கொள்வதே முறை.

அடுத்த சிக்கல், பாடபேதம். மர்ஃபி உள்ளே போய்ச் சிலநேரம் ஆட்டம் பார்த்தபின் வெளியேற்றப்பட்டது என்பது ஒரு பாடம். வாசலிலேயே மறிக்கப்பட்டது என்பது இன்னொரு பாடம். முதற்பாடத்தைக் கொண்டால் மர்ஃபி பார்த்தோருள் அடங்கும். இரண்டாவதைக் கொண்டால் ரீகனுக்குப் பக்கத்தில் கட்ட வேண்டும். இரண்டும் பொருந்தாமையால்தான் ஆட்டைத் தனிவகையாக்கினேன் (காண்க: என் நூற்பா, மேலே, அதற்கு என் உரை, அதனருகே, அவ்வுரையை நானே ஐயுற்றது, நேற்றிரவு, கைப்பிரதி, அந்த ஐயத்தை இன்று காலை பால்காரரிடம் படித்துக்காட்டியபோது அவர் தலையசைத்தது, தனிப்பட்ட தலையசைப்பு, அச்சேறாதது).

விரட்டியதற்குச் சொன்ன காரணம், ஆடு நாறுகிறது என்பது. சொன்னவர் அணி உரிமையாளர் பிலிப் ரிக்லி என்பது வழிவழிக் கதை. ஐயா, பழந்தமிழில் நாற்றம் என்றால் நறுமணம். பூவின் நாற்றம் என்று அந்நாளில் சொன்னால் யாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டதில்லை. ஒரு புகழுரையை இகழுரையாக எடுத்துக்கொண்டதால் வந்த வினை இது. மேலும் ரிக்லி குடும்பத்தின் தொழில் சூயிங்கம். மெல்லுவதை விற்றே மாளிகை கட்டிய குடும்பம், மெல்லுவதையே வாழ்வாகக் கொண்ட ஓர் உயிரை வாசலில் நிறுத்தியது! இந்த முரணை இதுவரை எந்த அமெரிக்க அறிஞராவது உணர்ந்தாரா? உணராமல் இருந்தால்தான் எனக்கு நல்லது.

சினந்த சியானிஸ் சாபம் விட்டார் என்பார்கள். தொடரில் கப்ஸ் தோற்றது. அடுத்து உலகத் தொடரில் காலடி வைக்கவே 71 ஆண்டுகள் ஆயின. அமெரிக்கர் இதை ஆட்டின் சாபம் என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்கள். அகராதியைப் புரட்டவில்லை. புரட்டியிருந்தால் ‘ஆடு’ என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் ‘வெற்றி’ என்றொரு பொருள் இருப்பதைக் கண்டிருப்பார்கள். ஆட்டை விரட்டினார்கள், ஆடு போய்விட்டது. இதற்குச் சாபம் எதற்கு, சொற்பொருள் போதாதா? இந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. நாற்காலியை விட்டு எழுந்து இருமுறை நடந்துவிட்டு வந்தேன்.

சியானிஸ் இறந்தது 1970 அக்டோபர் 22. கப்ஸ் மறுபடி உலகத் தொடருக்குத் தகுதி பெற்றது 2016 அக்டோபர் 22. இதை நான் கற்பிக்கவில்லை, நாட்காட்டி கற்பித்தது. சியானிஸின் பில்லி கோட் மதுக்கடையை வைத்து 1978-ல் தொலைக்காட்சியில் ஒரு கேலி நாடகம் வந்தது. ஜான் பெலூஷி கல்லாவில் நின்று சீஸ்பர்கர் என்று கத்துவார். அதில் நடித்தவர்களில் ஒருவர் பில் மர்ரி. மர்ஃபி, மர்ரி. இடையில் ஒரே ஒரு ஃபகரம்தான் ரகரமாகிறது. என்ன நடந்திருக்கும் என்பதை அடுத்த கருத்தரங்கில் சொல்கிறேன். பதிவுக் கட்டணம் தனி.

கட்டுரையை இங்கே முடித்திருக்கலாம். ஸ்டீவ் குட்மன் என்ற பாடகர் குறுக்கே வந்துவிட்டார். சிகாகோக்காரர், இளம் வயதிலிருந்தே ரத்தப் புற்றுநோயோடு வாழ்ந்தவர். சாகக் கிடக்கும் கப்ஸ் ரசிகனின் கடைசி ஆசையைப் பற்றி வேடிக்கையாக ஒரு பாட்டு எழுதியிருந்தார். 1984-ல் அணிக்காக உற்சாகப் பாட்டு ஒன்றும் எழுதிக் கொடுத்தார். அந்த ஆண்டு செப்டம்பர் 20 அன்று, 36 வயதில் இறந்தார். நான்கே நாளில் கப்ஸ் தன் பிரிவில் முதலிடத்தை உறுதி செய்து, 1945-க்குப் பிறகு முதன்முறையாக இறுதிச் சுற்றுகளுக்குள் நுழைந்தது. அவர் சாம்பலில் கொஞ்சத்தைப் பின்னர் ரிக்லி ஃபீல்டில் தூவினார்கள். இன்றைக்கும் சொந்த மண்ணில் கப்ஸ் வென்றால் கூட்டம் நின்று பாடுவது அந்த உற்சாகப் பாட்டைத்தான்.

இவரைப் பாடினோரில் வைக்கப் பார்த்தேன். ஏழாவது இன்னிங்ஸில் வந்து போனவர்களோடு உட்கார மறுக்கிறார். பார்த்தோரில் வைக்கலாமென்றால், பார்க்க வேண்டியதற்கு நான்கு நாள் முன்பே போய்விட்டார். தோற்றோர் என்று எழுதக் கை வரவில்லை. எழுவகை என்று நூற்பாவைத் திருத்தியாக வேண்டும். திருத்தினால் உரை, உரைக்கு விளக்கம், பால்காரரின் தலையசைப்பு எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். நூற்பாவோ இன்று காலையே அச்சுக்குப் போய்விட்டது. ஆகவே குட்மனை விட்டுவிட்டேன்.