டிராகுலாவுக்குப் பட்டா இருக்கா?

டிராகுலா பிரபுவுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. வீட்டு ஆள் யாராவது முதல் தடவை வாய்திறந்து உள்ளே கூப்பிட்டால்தான் அவரால் வாசற்படியைத் தாண்ட முடியும். 1897இல் பிராம் ஸ்டோக்கர் தம் நாவலில் எழுதி வைத்த சட்டம் இது. லண்டன்காரர்களுக்கு அது பெரிய காவல். எங்கள் ஊர் ஆய்க்குடியில் செல்லாது. இங்கே கரண்ட் ரீடிங் எடுக்க வருகிறவரையே காப்பி குடிக்காமல் அனுப்புவதில்லை. வாசலில் நின்றவரை உள்ளே வரச் சொல்லவில்லை என்றால் குடும்ப மானம் தென்காசி வரைக்கும் போகும்.

எங்கள் வீட்டுத் தார்சாவில் நடந்த ஆட்டத்தில், நடுச்சாமத்தில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள், வெளிறின முகம், கறுப்பு அங்கி, உதட்டுக்கு வெளியே நீண்ட பல் என்று நான் குரலை இறக்கிச் சொன்னேன். பெரியம்மை உடனே, "பாவம், சாப்பிட்டு எத்தன நாளாச்சோ. உள்ள வரச் சொல்லுல" என்றாள். நான் பகடையைக் கையில் எடுப்பதற்குள் பிரபு பட்டாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

இது என்ன விளையாட்டு என்று கேட்பவர்களுக்கு: பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, கதவைத் திறக்கிறேன், ஓடுகிறேன், ஒளிகிறேன் என்று சொல்லிக்கொண்டே போவார்கள். சொன்னது நடந்ததா என்பதைப் பகடை முடிவு செய்யும். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இந்த வகைக்கு மூத்த பிள்ளை. அதில் பூதமும் புதையலும் தீர்ந்ததோ என்னவோ, பின்னால் வந்தவர்கள் பேய் நாவல், பேய்ப்படம் என்று ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து மேசைமேல் போட்டார்கள். பெங்களூரில் மென்பொருள் வேலை பார்க்கும் மருமகன் ஆனிச் சாரலுக்கு ஊருக்கு வந்தபோது, ஒரு பை நிறையப் பல முகப் பகடைகளோடு வந்து இறங்கினான். கதை நடத்தும் பொறுப்பை என் தலையில் கட்டினான். "மாமாதான் நல்லா கதை விடுவிய" என்பது அவன் சொன்ன காரணம். பாராட்டா இல்லையா என்று நான் ஆராயவில்லை.

டிராகுலாவை நேராக எடுத்து ஆடாமல், 'ரேவன்லாஃப்ட்' என்ற ஆட்டப் புத்தகத்தை வைத்துத்தான் தொடங்கினோம். 1983இல் ட்ரேசி ஹிக்மேன், லாரா ஹிக்மேன் என்ற தம்பதி எழுதியது. டிராகுலாவின் சாயலில் ஸ்ட்ராட் என்று ஒரு ரத்தக் காட்டேரி. மலைமேல் அவன் கோட்டை. பள்ளத்தாக்கைச் சுற்றி விஷமூட்டம். தப்பிக்க நினைத்து மூட்டத்துக்குள் போகிறவன் மூச்சு முட்டித் திரும்புவான். இந்த மூட்டத்தை நான் உயிரைக் கொடுத்து வர்ணித்தேன். வெளியே நிஜமாகவே குற்றால மலை தெரியாத அளவுக்கு மேகம் இறங்கியிருந்தது. இதைவிடத் தோதான சூழ்நிலை வெள்ளைக்காரனுக்குக்கூட வாய்க்காது என்று நினைத்தேன். "சாரல்தான? துண்டு ஒண்ண தலையில போட்டுட்டுப் போயிருவோம்" என்றாள் மதினி. அருவியில் தண்ணீர் விழுந்தால் ஊரே திரண்டு போய் நனைகிற பூமியில் ஈரக் காற்றைக் காட்டிப் பயமுறுத்த முடியாது.

அந்தக் கோட்டையின் வரைபடம் பெயர்பெற்றது. டேவிட் சதர்லண்ட் என்பவர் மாடி, படிக்கட்டு, நிலவறை எல்லாம் சாய்ந்த கோணத்தில் தெரிகிற மாதிரி வரைந்தது. அத்தான் ஓய்வுபெற்ற சர்வேயர். வரைபடத்தைக் கண்டதும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"வடக்கு எது?"

காட்டினேன்.

"கோட்டைக்குப் பட்டா யாரு பேருல இருக்கு?"

"ஸ்ட்ராட் பேர்லதான் அத்தான்."

"அவன் செத்து நானூறு வருசம்னு சொன்னியே. செத்தவன் பேருல பட்டா எப்படி ஓடும்? வாரிசுச் சான்று வாங்கிப் பேர் மாத்தணும்லா."

ஆட்டப் புத்தகத்தில் இதற்கு விதி இல்லை. பேச்சை மாற்றுவதற்காக, மூல நாவலிலேயே நிலப் பிரச்சினைதான் அத்தான் முதலில் வருகிறது என்றேன். பொய்யில்லை. ஜொனாதன் ஹார்க்கர் திரான்சில்வேனியாவுக்குப் போவது பேய் பிடிக்க அல்ல, அவன் சொலிசிட்டர். பிரபு லண்டன் பக்கம் பர்ஃப்ளீட்டில் கார்ஃபாக்ஸ் என்ற பழைய பங்களாவை வாங்குகிறார், அந்தக் கிரயத்தை முடித்துக் கொடுக்கப் போகிறான். உலகப் புகழ்பெற்ற திகில் நாவலின் தொடக்கம் ஒரு பத்திரப் பதிவு என்பதைக் கேட்டதும் அத்தானுக்கு ஸ்டோக்கர் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

"வில்லங்கம் போட்டுப் பாத்தானா?"

"வில்லங்கமே பிரபுதான் அத்தான்."

அன்று ராத்திரி ஆட்டம் அதற்குமேல் நகரவில்லை.

பேய்ப்படத்தை ஆட்டமாக்குவதில் இருக்கிற நிஜமான சிக்கல் வேறு. எல்லோருக்கும் கதை தெரியும். மருமகன் ஆசைப்பட்டான் என்று ஒரு நாள் 'சந்திரமுகி'யை எடுத்தோம். 1993இல் மலையாளத்தில் 'மணிச்சித்திரத்தாழ்', 2005இல் தமிழில் பி. வாசு இயக்கத்தில் ரஜினி. தொலைக்காட்சியில் போட்டுத் தேய்த்த படம். அரண்மனை, மாடியில் பூட்டின அறை, யாரும் திறக்கக் கூடாது என்று நான் ஆரம்பித்ததுமே மதினி, "அறை கிடக்கட்டும். கங்காவ ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில காட்டுங்க" என்று திருநெல்வேலிக்குக் காரும் பிடித்துவிட்டாள். மொத்தக் கதையும் இடைவேளைக்கு முன்னால், ஓ.பி. சீட்டோடு முடிந்தது.

ஹிக்மேன் தம்பதி இதற்கு ஒரு தந்திரம் செய்திருக்கிறார்கள். ஆட்டத்துக்குள்ளேயே ஒரு குறிகாரி சீட்டுப் போட்டுப் பார்க்கிறாள். காட்டேரி கோட்டையில் எங்கே பதுங்கியிருக்கிறான், அவனுக்கு என்ன வேண்டும், அவனைக் கொல்லும் வாள் எங்கே கிடக்கிறது என்பதையெல்லாம் விழுகிற சீட்டுதான் தீர்மானிக்கும். புத்தகத்தை மனப்பாடம் செய்தவனும் முழிக்க வேண்டியதுதான். கெட்டிக்காரத்தனம், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும், கதை தெரிந்துவிட்டால் ரசம் போய்விடும் என்று அவர்கள் ஏன் இவ்வளவு அஞ்சினார்கள் என்று எனக்குப் புரியவில்லை. நம் பக்கத்துக் கோயில் கொடையில் வருஷா வருஷம் அதே சுடலைமாடன் கதையைத்தான் வில்லில் பாடுகிறார்கள். அடுத்த அடி என்ன என்பது குடம் அடிக்கிறவரிலிருந்து வேர்க்கடலை விற்கிறவர் வரை எல்லோருக்கும் தெரியும். வரத்துப் பாட்டு தொடங்கி உடுக்கை வேகம் பிடித்ததும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு உடம்பு விறைக்கத்தானே செய்கிறது? அவர் கதை தெரியாமலா ஆடுகிறார்?

சினிமா வேண்டாம், இலக்கியத்துக்குப் போவோம் என்று புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யைத் தொட்டுப் பார்த்தேன். திருநெல்வேலிச் சீமை எழுத்தாளர், 1943இல் புத்தகமாக வந்த கதை. நம்மவர்கள் இதற்காவது நடுங்குவார்கள் என்ற நம்பிக்கை. வாசலுக்குப் பிச்சை கேட்டு வந்த ஒருத்தியை வீட்டு எஜமானி வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். வந்தவள் மனுஷிதானா என்ற சந்தேகத்தில் புருஷன் தூக்கம் கெட்டுத் தவிக்கிறான். மதினி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாள். "சம்பளம் எவ்வளவு கேக்கா?" பாத்திரம் தேய்க்க ஆள் கிடைக்காமல் அவள் படும் பாட்டுக்கு, வருகிறவளின் கால் தரையில் பாவுகிறதா என்பது சில்லறை விஷயம்.

நடுவில் 'ட்ரெட்' என்று ஒன்றையும் ஆடினோம். அதில் பகடையே இல்லை. ஜெங்கா மரக்கட்டைகளைக் கோபுரமாக அடுக்கி, ஆபத்தான காரியம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டையை உருவ வேண்டும். யார் கையில் கோபுரம் சாய்கிறதோ அவருடைய பாத்திரம் காலி. பெரியம்மை வெற்றிலைச் செல்லத்துக்குக் கை நீட்டியதில் சாய்ந்தது. பேய் இன்னும் ஊருக்குள்ளேயே வந்திருக்கவில்லை.

கடைசியாகத்தான் பெரிய சாமான்: 'கால் ஆஃப் கத்துலு'. 1981இல் சாண்டி பீட்டர்சன் உருவாக்கியது. லவ்கிராஃப்ட் என்ற அமெரிக்கர் 1928இல் ஒரு பத்திரிகையில் வெளியிட்ட கதையின் பெயரையே வைத்திருக்கிறார்கள். கடலுக்கடியில் மூழ்கின நகரத்தில் ஒரு தெய்வம் தூங்குகிறது. மலை போன்ற உடம்பு, சிறகு, தலை மட்டும் ஆக்டோபஸ். அது விழித்தால் மனித குலம் முடிந்தது. இந்த ஆட்டத்தில் உடம்பில் அடிபடுவதைவிட மனது உடைவதுதான் பயங்கரம். ஒவ்வொருவருக்கும் மனத்திடத்துக்குப் புள்ளி உண்டு. விபரீதத்தைக் காணக் காணப் புள்ளி கரையும். கத்துலுவை நேரில் பார்த்தால், தாக்குப்பிடித்தவனுக்கே பத்துவரை போகலாம். தாக்குப்பிடிக்காதவனுக்கு நூறுவரை. வைத்திருப்பதே அதிகபட்சம் தொண்ணூற்றொன்பது.

இதில் ஓர் அழகான விதி இருக்கிறது. ஒரே அடியில் ஐந்து புள்ளியோ அதற்கு மேலோ போனால் உங்கள் அறிவுக்குப் பகடை போட வேண்டும். அறிவு வென்றால் பைத்தியம் பிடிக்கும், ஏனென்றால் பார்த்தது என்னவென்று உங்களுக்குப் புரிந்துவிட்டது. அறிவு தோற்றால் ஒன்றும் ஆகாது. எங்கள் வீட்டில் யாருக்கும் பைத்தியம் பிடிக்கவில்லை. காரணத்தை நான் விளக்கப் போகவில்லை.

ஆக்டோபஸ் தலை என்றதும் பெரியம்மை கேட்டாள்: "அதுக்கென்ன? பிள்ளையாருக்கு ஆனத் தல இல்லியா?"

"இது கெட்ட சாமி பெரியம்ம. மனுசன இது ஒரு பொருட்டாவே நெனைக்காது. அண்டத்துல நாமெல்லாம் வெறும் தூசி."

"அதத்தான உங்க தாத்தா தெனமும் திண்ணையில உக்காந்து சொன்னாவ."

லவ்கிராஃப்ட் வாழ்நாள் பூராவும் எழுதி எழுதிக் கண்டடைந்த தத்துவம் எங்கள் திண்ணையில் வெற்றிலைச் சாற்றோடு துப்பப்பட்டிருக்கிறது. தெய்வத்தை நேரில் பார்த்துப் புத்தி பேதலிப்பது அவர் ஊர் வழக்கம். இங்கே சாமக்கொடையில் சுடலை பந்தமும் கையுமாகச் சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போய்த் திரும்பி வந்து நிற்கும்போது, கூட்டம் சிதறி ஓடுவதில்லை. நெருங்கிப் போய், மகளுக்கு வரன் எப்போது அமையும் என்று கேட்கிறது. சாமி மழுப்பினால் விடுவதுமில்லை. "போன வருசமும் இதத்தான சொன்ன?" என்று மடக்குகிறது. திகில் கதை என்பது எதிரில் நிற்பதோடு பேச முடியாது என்ற நிபந்தனையில் நடப்பது. எங்கள் ஆட்கள் முதலில் செய்வதே பேச்சுவார்த்தைதான். 'சந்திரமுகி'யின் டாக்டரும் அதைத்தானே செய்தார்? அவள் கேட்ட பழியை ஒரு பொம்மையை வைத்துத் தீர்த்துக் கொடுத்து அனுப்பினார்.

"அது ஏன் முழிக்கப் பாக்கு?" என்றாள் பெரியம்மை.

"நட்சத்திரமெல்லாம் சரியான எடத்துல வந்து கூடிட்டு."

"அப்ப நல்ல நாளுதான். கும்பிட ஆளில்லாமத் தண்ணிக்குள்ள கெடந்திருக்கு, கோவம் இருக்கத்தான் செய்யும். ஒரு கொடை குடுத்திருவோம்."

இதற்கும் விதியில்லை. கிடா வெட்டா, சைவப் படைப்பா என்று மதினி கேட்டாள். பீடம் போடுகிற இடம் கடல் என்பதால் புறம்போக்கில் வரும், சர்வே நம்பர் கிடையாது என்று அத்தான் கவலைப்பட்டார். தலைக்கட்டு வரி எவ்வளவு என்று பேச்சு வந்ததும்தான் சூடு பிடித்தது. அதுவரை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கல்யாணம் ஆகாதவன் தலைக்கட்டில் சேரமாட்டான், ஆகவே மருமகனுக்கு வரி கிடையாது, ஆனால் நோட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைய வேண்டும் என்று தீர்மானமானது.

அவன் கையில் பகடையோடு தவித்தான். "அப்பா, அது ஒலகத்த அழிக்க எந்திரிச்சிட்டிருக்கு!"

"அழிக்கும்போது அழிக்கட்டும்" என்றார் அத்தான். "நீ மொதல்ல ரசீது புக்கு அடிக்கக் குடு."