தார்மீகப் பொறுப்பு

கேள்வி: விபத்தோ ஊழலோ நடந்தால் ‘தார்மீகப் பொறுப்பேற்று அமைச்சர் விலக வேண்டும்’ என்கிறார்களே, அப்படிச் சட்டம் உண்டா?

பதில்: இல்லை. அரசமைப்பின் 75-வது பிரிவுப்படி அமைச்சரவை முழுவதும் மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்பு. துறையின் தவற்றுக்காகத் தனி அமைச்சர் விலகுவது மரபு மட்டுமே. அந்த மரபை நாட்டுக்கு நினைவூட்டும் ஊர் அரியலூர். 1956 நவம்பரில், கனமழையில், மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து 140-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி விலகினார். சில மாதங்களுக்கு முன் மகபூப்நகர் விபத்தின்போதும் அவர் விலகல் கடிதம் கொடுத்திருந்தார், நேரு ஏற்கவில்லை. இம்முறை ஏற்றார், சாஸ்திரி மீது குற்றமில்லை என்று நாடாளுமன்றத்தில் சொல்லியே ஏற்றார். குற்றமற்றவர் விலகியதால்தான் அதற்கு அவ்வளவு மதிப்பு.

1958-ல் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி விலகியது வேறு வகை. தொழிலதிபர் முந்த்ராவின் நிறுவனப் பங்குகளை எல்.ஐ.சி. வாங்கிய விவகாரத்தை அவையில் கிளப்பியவர் ஆளுங்கட்சி உறுப்பினர், நேருவின் மருமகன் பெரோஸ் காந்தி. நீதிபதி சக்லா பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்தார். துறைச் செயலாளரின் செயலுக்கும் அமைச்சரே பொறுப்பு என்றார். இங்கே மனசாட்சி தானாகப் பேசவில்லை. அவையும் ஆணையமும் பேச வைத்தன.

இன்று அளவுகோல் நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. ஈராண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றால் எம்.பி., எம்.எல்.ஏ. பதவி உடனே பறிபோகும் என்பது 2013-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. நல்ல தீர்ப்புதான். ஆனால் ‘வழக்கு முடியட்டும்’ என்பதே பலருக்கும் பதிலாகிவிட்டது. அது முடியும்வரை கேள்வி கேட்க வேண்டியவர்கள் எதிர்க்கட்சியினர் மட்டுமல்ல, பெரோஸ் காந்தியைப் போல ஆளுங்கட்சி வரிசையில் இருப்பவர்களும்தான்.