படகின் தக்கை: ஓர் உரை விளக்கம்

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் 10 ஏக்கரும் அதற்கு மேலும் பரப்புள்ள ஏரிகள் 11,842. இவற்றுக்குப் பிக்கப் வண்டியில் படகை இழுத்து வருவோரின் நடத்தைக்கு இதுகாறும் நல்லுரை ஒன்று வாராதது கல்வியுலகின் குறை. அது இன்றோடு நீங்குகிறது.

இத்துறை இழுத்தல், இறக்குதல் என இருபாற்படும். இழுத்தலின் இலக்கணம் சிறிது. படகேற்றிய டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு பிக்கப்பின் இணைப்புக் குண்டின்மேல் அமர வேண்டும். குறையின், நெடுஞ்சாலையில் டிரெய்லர் இடவலமாக அலையும். மிகின், பிக்கப்பின் பின்புறம் தாழ்ந்து முன்சக்கரங்கள் பிடிப்பை இழக்கும். காப்புச் சங்கிலிகளைக் குறுக்காக மாட்டுக என்றது என்னை? எனின், இணைப்பு கழன்றாலும் டிரெய்லரின் மூக்கு தரையில் குத்தாமல் அச்சங்கிலித் தொட்டிலில் விழும் என்க.

இறக்குதலில்தான் சிக்கல். ரிவர்ஸ் எடுக்கையில் ஸ்டியரிங்கை இடப்புறம் திருப்பினால் டிரெய்லர் வலப்புறம் போகும். கரையில் நின்று கைகாட்டுபவர் சொல்லும் 'இடது' யாருடைய இடது என்பதில் தம்பதியரிடையே இன்றும் கருத்தொற்றுமை இல்லை. ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டால் கை போகும் பக்கமே டிரெய்லரும் போகும். இதைக் கண்டறிந்தவருக்கு ஏன் நோபல் பரிசு தரவில்லையோ!

இனித் தக்கை. படகின் பின்னடியில், உள்ளே சேரும் நீர் வடிய ஒரு சிறு துளை உண்டு; அதை அடைப்பதே தக்கை. சீப்ரா மஸல் என்னும் அயல்நாட்டுச் சிப்பியின் குஞ்சுகள் அந்நீரோடு அடுத்த ஏரிக்குக் குடிபெயர்ந்துவிடும். ஆகவே தக்கையைக் கழற்றிவிட்டே சாலையில் செல்க என்பது மின்னசோட்டா சட்டம். மாட்டிவிட்டே நீரில் இறங்குக என்பது ஆர்க்கிமிடீஸ் சட்டம். இரண்டின் எல்லையும் சந்திக்குமிடம் சில அடி கான்கிரீட் சரிவு. அங்கேதான் பின்னால் வரிசையில் நிற்பவர் ஹாரன் அடிப்பார். மறதிக்கு இதைவிட வாகான இடம் ஏது?

மறந்தவன் உடனே அறிவானோ எனின், அறியான். படகு முதலில் நன்றாகவே மிதக்கும். வண்டியை நிறுத்திவிட்டு வந்து, தூண்டிலுக்குப் புழு கோத்து, கணுக்கால் நனையும்போதுதான் அறிவான். படகுச் சாவியோடு தக்கையைக் கட்டிவைப்பாரும் உளர். அவரே இத்துறைப் பேரறிஞர்.

ஆதலால் வாசகரே, வரிசையில் சேருமுன் வண்டி நிறுத்துமிடத்திலேயே தக்கையை மாட்டுங்கள், படகின் பின்புறத்தை டிரெய்லரோடு கட்டிய பட்டைகளை அவிழுங்கள். படகின் மூக்கை இழுத்துப் பிடிக்கும் வின்ச் பட்டையை மட்டும் படகு நீரைத் தொடும்வரை விடாதீர்கள். விட்டால் படகு கான்கிரீட்டில் இறங்கிவிடும். கீழே இறங்குமுன் ஹேண்ட்பிரேக் போடுங்கள். படகைப் பின்தொடர்ந்து ஏரிக்குள் போன பிக்கப்புகளும் உண்டு. அவற்றுக்குத் தக்கை கிடையாது.