பேத்தி எந்த கிரேடு?

ஆம்பூர்க்காரர்கள் எந்தப் பொருளையும் சும்மா பார்ப்பதில்லை. கையில் எடுப்பார்கள், புரட்டுவார்கள், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடிப்பார்கள், கட்டைவிரலால் ஓர் அமுக்கு அமுக்குவார்கள், கடைசியில் உதட்டைப் பிதுக்குவார்கள். தோலிலும் ஷூவிலும் தலைமுறை தலைமுறையாகச் சோறு தின்றதன் பலன். பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள வாங்கும் கத்தரிக்காய்க்கும் இந்தச் சோதனை உண்டு.

நானும் அந்த வகையறாதான். டேனரியில் செலக்‌ஷன் மேஜையில் நின்று ரிடையர் ஆனவன். முள் கீறல், உண்ணி கடித்த தடம், உரிக்கும்போது கத்தி இழுத்த இடம் எல்லாம் கண்ணுக்கு முன் விரலுக்குத் தெரிந்துவிடும். தடவிப் பார்த்து இது ஏ, இது பி, இது சி என்று அடுக்கிக்கொண்டே போவோம். எனவே பேத்தி பிறந்ததும் எங்கள் தெருவே செலக்‌ஷன் மேஜை ஆனதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. இத்தனை வருட சர்வீஸ் இருந்தும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்பதுதான் வருத்தம்.

“இன்னும் குப்புற விழலையா?” என்று ஆரம்பித்தார்கள். விழுந்தாள். “தவழலையா?” என்றார்கள். அதற்கு நாங்கள் பதில் தேடுவதற்குள், “எங்க பையன் ஒம்பதாம் மாசமே ஓடினான்” என்றார் எதிர்வீட்டு அக்கா. அந்தப் பையனை எனக்குத் தெரியும். இப்போது இருபத்திநாலு வயது. மத்தியானம் பன்னிரண்டுக்கு முன்னால் கட்டிலை விட்டு இறங்கியதாகத் தகவல் இல்லை.

எங்கள் பேத்தி தவழவே இல்லை. உட்கார்ந்த வாக்கிலேயே, ஒரு காலை மடக்கி மறு காலை உந்தி, கூடம் முழுக்க நகர்ந்தாள். தரை பளபளத்தது. மருமகள் வேலை விட்டு வந்து, “இன்னிக்கு யார் மாமா தரை துடைச்சது?” என்று கேட்கும் அளவுக்கு. தெருவில் மட்டும் முணுமுணுப்பு. நான் விடுவேனா? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கைத் தேடிப் பிடித்தேன். இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா என ஐந்து நாடுகளில் 816 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006இல் வெளியிட்ட கணக்கு. அதில் நூற்றுக்கு நாலு குழந்தைகள் கையையும் முழங்காலையும் ஊன்றித் தவழவே இல்லை, நேராக நின்றுவிட்டார்கள். பிடிமானம் இல்லாமல் தானாக நடப்பது எப்போது என்று பார்த்தால், எட்டு மாதம் தாண்டிய குழந்தையும் உண்டு, பதினேழரை மாதம் வரை இழுத்த குழந்தையும் உண்டு. இரண்டும் சரிதான் என்கிறார்கள். ஒன்பது மாத வித்தியாசம்! டேனரியில் இவ்வளவு தாராளம் காட்டியிருந்தால் என்னை அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பியிருப்பார்கள். எதிர்வீட்டு அக்காவிடம் இதை விளக்கினேன். “நார்வேல பசங்க லேட்டாதான் நடக்கும், குளிரு” என்றார்.

மாதக் கணக்குப் போடுவது நமக்கொன்றும் புதிதில்லை. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் மூன்றாம் மாதக் காப்பில் தொடங்கி இரண்டு மாதத்துக்கு ஒரு பருவமாக 21ஆம் மாதம் வரை பத்துப் பருவம் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஐந்தில் செங்கீரை: கையை ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆட வேண்டும். ஒன்பதில் சப்பாணி: கை தட்ட வேண்டும். எனக்குப் பிடித்தது ஆண்பிள்ளைக்குச் சொன்ன சிற்றில் பருவம். சிறுமிகள் மணலில் கட்டிய வீட்டைக் காலால் எத்திக் கலைப்பதுதான் அதில் குழந்தையின் கடமை. இடிப்பதையும் வளர்ச்சியில் சேர்த்த பெரிய மனசு அந்தப் புலவர்களுக்கு. பெண்பிள்ளைக்கு அம்மானை, நீராடல், ஊஞ்சல் என்று நாசூக்காக ஒதுக்கினார்கள். எங்கள் வீட்டில் பெண்பிள்ளை ஊஞ்சலில் உட்காரும், இறங்கியதும் இடிக்கும்.

குழந்தை எப்படி வளர்கிறது என்று உலகத்துக்குச் சொன்ன ஊர்களில் எங்கள் வேலூரும் ஒன்று என்பது இங்கேயே பல பேருக்குத் தெரியாது. சி.எம்.சி. மருத்துவமனைக்காரர்கள், ககன்தீப் காங் தலைமையில், 2002இல் தொடங்கி கஸ்பா, சின்னல்லாபுரம், ராமநாயக்கன்பாளையம் பகுதிகளில் பிறந்த 452 குழந்தைகளைத் தொடர்ந்தார்கள். பேரேட்டில் பெயர் எழுதிவிட்டுப் போகிற வேலை இல்லை. வாரத்துக்கு இரண்டு தடவை வீடு தேடி வருவார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழந்தையின் மலத்தைச் சின்ன டப்பாவில் வாங்கிப் போவார்கள். மூன்று வயது வரை! எந்தப் பாட்டியும் இப்படி ஒரு விருந்தாளியை அதுவரை பார்த்திருக்க மாட்டாள். காபி வேண்டாம், பலகாரம் வேண்டாம், அது கிடைத்தால் போதும் என்கிற விருந்தாளி.

அந்த டப்பாக்களிலிருந்து வந்த சேதி பெரிது. வயிற்றுப்போக்கு தரும் ரோட்டா வைரஸ் இரண்டு முறை வந்துபோனால் மூன்றாவது முறை குழந்தையை வாட்டாது என்று மெக்ஸிகோவில் கண்டிருந்தார்கள். வேலூர்க் குழந்தைகளுக்கு மூன்று முறை வந்து போன பிறகும் 79 சதவீதப் பாதுகாப்புதான் கிடைத்தது. இங்கே கிருமிக்கும் பிள்ளைக்கும் அத்தனை நெருக்கமான புழக்கம். பிறகு எட்டு நாடுகள் சேர்ந்து நடத்திய மால்-எட் ஆய்விலும் வேலூர் இடம் பிடித்தது. அதில் வயிற்றோடு நிற்கவில்லை. குழந்தை என்ன பேசுகிறது, எதைப் புரிந்துகொள்கிறது என்றும் சோதித்தார்கள். வயிறு கெட்டுக்கொண்டே இருந்தாலும் ரத்தத்தில் இரும்பு குறைந்தாலும் புத்தி வளர்வதற்கும் இடைஞ்சல்தான் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். “சாப்பிட்டாதான் படிப்பு ஏறும்” என்று என் அம்மா சொன்னது இதைத்தான். அம்மாவிடம் டப்பா இல்லை, அவ்வளவுதான்.

தெரு எடுத்த செலக்‌ஷனில் ஒரு முக்கியமான விஷயம் தவறிப்போனது. குழந்தையும் நம்மைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தது.

சுவிட்சர்லாந்தில் ழான் பியாஜே என்ற உளவியலாளர் தன் மூன்று பிள்ளைகளை வைத்தே ஆராய்ச்சி செய்தார். பொம்மையைத் துணிக்கு அடியில் மறைப்பார். சின்னக் குழந்தை அது ஒழிந்தது என்று விட்டுவிடும். எட்டு மாத வாக்கில் துணியை இழுத்துத் தேடும். கண்ணில் படாததும் உலகத்தில் இருக்கிறது என்று அதற்குப் புரிந்துவிட்டது. நான் செல்போனைத் தோள் துண்டுக்கு அடியில் ஒளித்து வைக்கிறவன். எத்தனையோ நாள் நிம்மதியாகப் போனது. ஒருநாள் சாயங்காலம் பேத்தி என் முகத்தைப் பார்த்தாள், துண்டைப் பார்த்தாள், மறுபடி என் முகத்தைப் பார்த்தாள், உருவிவிட்டாள். அன்றோடு துண்டுக்கும் மரியாதை போயிற்று, எனக்கும்.

அடுத்து பாஷை. எங்கள் வீட்டில் தமிழ். பக்கத்து வீட்டு நானி பேசுவது உருது. என் சம்பந்தியம்மாள் கோபம் வந்தால் தெலுங்கு. இத்தனையும் காதில் விழுந்தால் பிள்ளைக்குப் பேச்சே வராது என்று தெருவில் தீர்ப்பு எழுதினார்கள். ஜானட் வெர்க்கர் என்ற அம்மையார் 1984இல் கனடாவில் ஒரு சோதனை நடத்தினார். இந்தியில் உள்ள ‘த’வையும் ‘ட’வையும் ஆங்கிலம் பேசுகிற வீட்டுக் குழந்தைகளுக்குக் கேட்க வைத்தார். ஆறேழு மாதத்தில் அவை வித்தியாசத்தைக் கண்டுகொண்டன. பத்துப் பன்னிரண்டு மாதத்துக்குள் பெரும்பாலும் அந்தக் காது அடைபட்டுவிட்டது. வீட்டில் புழங்காத ஒலி எதற்கு என்று விட்டுவிட்டன. எங்கள் பேத்திக்கு எதையும் விட வேண்டிய அவசியம் இல்லை. எங்களிடம் “தண்ணி”, நானியிடம் “பானி”. பிஸ்கட் டப்பா நானி வீட்டில் இருப்பதால் உருது வேகமாக வளர்ந்தது. அழுகைக்குத் தமிழ். சம்பந்தியம்மாள் வந்தால் வாயைத் திறப்பதே இல்லை. அந்த பாஷை எதற்குப் புழங்குகிறது என்று அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

மருமகள் ஷூ கம்பெனியில் தையல் பிரிவு. முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 1948ஆம் வருட தொழிற்சாலைச் சட்டத்தில் இருந்தது. பேத்தி கம்பெனி வேனில் அம்மாவோடு ஏறிக் காப்பகத்துக்குப் போய்வந்தாள். பிறகு எங்கள் தெரு அங்கன்வாடி. வீட்டில் முட்டையைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறவள், அங்கே பக்கத்துத் தட்டைப் பார்த்துப் பார்த்து மஞ்சள் கரு வரைக்கும் தின்றுவிட்டு வருகிறாள். ஆயாம்மாவிடம் ரகசியம் கேட்டேன். “இங்க யாரும் கெஞ்ச மாட்டோம்ண்ணே” என்றார்.

அங்கே ஆட்டமும் பாட்டும் சொல்லிக்கொடுத்தார்கள். அவள் கற்றது வேறு. சாயங்காலமானால் வாசலில் கிடக்கும் செருப்புகளை எல்லாம் ஜோடி சேர்ப்பாள். இடது, வலது பிசகாது. ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டி, குதிகால் பக்கம் அமுக்கி, தையல் ஓரத்தில் ஆள்காட்டி விரலை ஓட்டி, ஓரிடத்தில் நிறுத்துவாள். “ரிஜெட்டு!” செருப்பு வாசலுக்கு வெளியே பறக்கும். இதை அவளுக்கு யாரும் உட்கார வைத்துக் கற்பிக்கவில்லை. ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் அம்மா ரிஜெக்ட் பற்றிப் புலம்பியதும், திண்ணையில் தாத்தா பழக்கதோஷத்தில் விரலை ஓட்டியதும்தான் பாடம். விருந்தாளி ஒருவர் ஒற்றைச் செருப்போடு வீடு போன கதையும் உண்டு.

இந்த வருடம் எல்.கே.ஜி. சேர்க்க ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனோம். “இன்டர்வியூ எல்லாம் இல்ல சார், சும்மா பேசிப் பார்ப்போம்” என்றார் மிஸ். மகன் வேர்த்துக்கொண்டிருந்தான். மிஸ் ஒரு கிரேயானை எடுத்து நீட்டி, “இது என்ன கலர், சொல்லுங்க பாப்பா?” என்றார். பழுப்பு நிறக் கிரேயான். பேத்தி அதை வாங்கினாள். ஜன்னல் பக்கம் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள்.

“காக்னாக்.”

மிஸ் புரியாமல் எங்களைப் பார்த்தார். கதவோரம் நின்றிருந்த வாட்ச்மேன் இரண்டடி முன்னால் வந்து, கழுத்தை நீட்டிக் கிரேயானைப் பார்த்தார்.

“டேன் மாதிரி இருக்கு, ஆனா பாப்பா சொல்றதுதான் கரெக்ட் மிஸ்” என்றார். “நான் பதினஞ்சு வருஷம் டேனரி பினிஷிங்ல இருந்தவன்.”